ரெண்டு ராத்திரிதானுங்களா?

கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், எதிரே இரண்டு உயரமான கட்டடங்கள் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. ஒன்றின் நெற்றியில் ஹில்டன், மற்றதன் நெற்றியில் லெ மெரிடியன். இரண்டும் 2004இல் திறந்தவை. இரண்டும் ஐந்து நட்சத்திரம். திருச்சியிலிருந்து ராத்திரி விமானம் ஏறி, தூக்கம் கெட்ட கண்ணோடு நின்றுகொண்டிருந்த என் மனைவி, அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுலதான் தங்கறமுங்களா?”

“அந்தப் பக்கத்துல இருக்கறதுல. பினாங்கு போயிட்டுத் திரும்பி வரும்போது. ரெண்டு ராத்திரி. காசு கிடையாது, எல்லாம் பாயிண்ட்.”

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“ஏனுங்க, பத்து வருசமா ஊரூராப் பையத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே. அதுக்கு ரெண்டு ராத்திரிதானுங்களா?”

பினாங்குக்கு ரயில் மதியத்துக்கு மேல்தான். பதில் சொல்ல நேரம் நிறைய இருந்தது. அதற்கு முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். பேர் சொல்கிற மாதிரியே ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வேக்காரர்களின் பேட்டை. தண்டவாளம் போட வந்த தமிழர்களும், கணக்கெழுதவும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தவர்களும் குடியிருந்தார்கள். ஸ்காட் ரோட்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசாமி கோயில் இன்னமும் இருக்கிறது. இந்தப் புது ஸ்டேஷன் 2001இல் வந்தது, பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில். அண்ணாந்து பார்த்த அந்த இரண்டு ஹோட்டல்களும் அதே நிலத்தில்தான் நிற்கின்றன. 2010இல் மன்மோகன் சிங் வந்தபோது இந்தப் பேட்டைக்கு லிட்டில் இந்தியா என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டினார்கள். துன் சம்பந்தன் சாலையில் மல்லிகைப்பூவும் சினிமாப் பாட்டும் வாழையிலைச் சாப்பாடும் ஒரே கடை வரிசையில் கிடைக்கின்றன. தோசையும் தே தாரேக் என்கிற ஆற்றிய டீயும் வந்தன. அவள் கேள்விக்குப் பதிலைச் சொன்னேன்.

நான் நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் விற்கிற கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். 2014 வாக்கில் கோவையில் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு. வரவேற்பில் இருந்த பெண், தங்கினால் பாயிண்ட் சேரும் திட்டத்தின் படிவம் ஒன்றை நீட்டி, “சேர்ந்துக்கோங்க சார், ஃப்ரீதான்” என்றார். சேர்ந்தேன். கார்டு பளபளவென்று இருந்தது. அந்தக் கம்பெனியின் ஹோட்டல்கள் பாரிஸில் இருந்தன, துபாயில் இருந்தன, மாலத்தீவில் தண்ணீருக்கு மேலேயே இருந்தன. நான் போன ஊர்களில்தான் இல்லை. ராஜபாளையத்தில் எங்கே இருக்கும்? இச்சல்கரஞ்சியில்? கோவையில் இருந்தது, ஆனால் கோவையில் எனக்கு வீடு இருக்கிறது.

வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ராத்திரி அந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும். ஒரு வருஷம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பன்னிரண்டு மாதம் கணக்கில் அசைவில்லை என்று சொல்லி, சேர்ந்த பாயிண்டை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், நான்தான் திறந்து பார்க்கவில்லை. விதிப்படி சரி. இருந்தாலும் வயிறு எரிந்தது.

2020 ஊரடங்கில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, 2019இன் டி.ஏ. பில் நகல்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. வேறு வேலையும் இல்லை. தரையில் பரப்பி, எந்த ஊரில் எத்தனை ராத்திரி படுத்தேன் என்று எழுதினேன். மொத்தம் 61. அதில் 29 ராத்திரி கரூர், திண்டுக்கல், ராஜபாளையம், குண்டூர், பில்வாரா, இச்சல்கரஞ்சி மாதிரி ஊர்களின் லாட்ஜுகளில். அங்கே பாயிண்டும் கிடையாது, கேட்டால் சிரிப்பார்கள். பாக்கி 32 பெரிய ஹோட்டல்களில். சூரத், அகமதாபாத், மும்பை, சென்னை.

அந்த 32ஐயும் சேர்த்து வைத்திருந்தாலே ஒரு மரியாதை வந்திருக்கும். ஆனால் 12 ராத்திரியை அலுவலகத்தில் யாரோ ஒரு ஆப்பில் போட்டிருந்தார்கள், இருநூறு முந்நூறு ரூபாய் குறைவாக வந்தது என்று. வெளி ஆப்பில் காசு கட்டிப் போட்ட ரூமுக்குப் பெரும்பாலான ஹோட்டல் கம்பெனிகள் பாயிண்ட் தருவதில்லை, அந்த ராத்திரியைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அது அவர்களுக்கு அந்த ஆப்காரன் கொண்டுவந்த வாடிக்கை. கமிஷன் அங்கே போய்விடுகிறது. ரிசப்ஷனில் நின்று என் நம்பரைச் சொன்னபோதெல்லாம் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒன்றும் ஏறவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றியதும் இல்லை. மிச்சம் 20 ராத்திரி ஐந்து கம்பெனிகளுக்கு நான்கு நான்காகச் சிதறிக் கிடந்தது. ஐந்து உண்டியலிலும் சில்லறை, எதிலும் நோட்டு இல்லை.

“அதுக்கப்புறம்?” என்றாள், தோசையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எந்த ஹோட்டல் எனக்குப் பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, நான் போகிற ஊரில் எந்தக் கம்பெனிக்குக் கட்டில் இருக்கிறது என்று பார்த்தேன். சூரத்தில் கோர்ட்யார்டு இருக்கிறது, அகமதாபாத்தில் இருக்கிறது, சென்னையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. மூன்றும் மேரியட்டின் பெயர்ப்பலகை. மும்பையில் கேட்கவே வேண்டாம். லூதியானாவில் மட்டும் ஹயாத் ரீஜென்சி. அங்கே நான் போவது வருஷத்துக்கு ஒரு தடவை. ஹயாத்தின் திட்டத்தைத் தெரிந்தவர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் உலகம் முழுக்க மேரியட்டுக்கு 9000த்துக்கு மேல் ஹோட்டல் என்றால், ஹயாத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு தேறும். மும்பை, டெல்லி என்று பெருநகரம் மட்டும் போகிறவருக்கு அது போதும். நூற்பாலை இருக்கிற ஊருக்குப் போகிறவனுக்கு எட்டாது. மேரியட்டையே பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு ரிங்கிட் மாற்றப் போனோம். பணம் மாற்றுகிற கடையின் பலகையில் டாலர், யென், இந்தோனேசிய ரூப்பியா, நம் ரூபாய் எல்லாம் வரிசையாக. ஆயிரக்கணக்கில் ரூப்பியா கொடுத்தால் என்ன வரும் என்று பார்த்து அவள் சிரித்தாள். எனக்கு அந்தப் பலகைதான் சரியான உதாரணமாகப் பட்டது. பாயிண்டும் ஒரு நாட்டு நாணயம். மேரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட். ஹில்டனிலும் பெரும்பாலும் அதே 10. ஆனால் ரூம் எடுக்கப் போனால் ஹில்டன் பொதுவாக அதிகப் பாயிண்ட் கேட்கும். எங்கே நிறையக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துச் சேர்வது, பெரிய எண் போட்டிருக்கிறது என்று ரூப்பியா நோட்டைச் சேர்த்து வைப்பதற்குச் சமம்.

எங்களுடைய கணக்கு இது. மேரியட்டைச் சேர்ந்த லெ மெரிடியனில் ஒரு ராத்திரிக்கு 15,000 பாயிண்ட். அதே நாளைக்குக் காசு கொடுத்தால் 420 ரிங்கிட், நம் பணத்தில் 8000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 15,000 பாயிண்ட் சேர, டாலருக்குப் பத்து வீதம் 1500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு நான் ரூம் வாடகை கட்டியிருக்க வேண்டும். கட்டியது கம்பெனி. ஆக, நூறு ரூபாய் செலவுக்கு ஆறு ரூபாய் சொச்சம் திரும்பி வருகிறது. மோசமில்லை. ஆனால் இதற்காகக் கூடுதலாக நூறு ரூபாய் செலவு பண்ணினால் தொண்ணூற்று நான்கு ரூபாய் நஷ்டம். இதை மறந்தவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், மேல்நிலை கார்டுக்கு வருஷத்தில் வேண்டிய 50 ராத்திரிக்கு இரண்டு குறைகிறது என்று டிசம்பர் 30ஆம் தேதி சொந்த ஊரிலேயே, சொந்தக் காசில், ஹோட்டலில் போய்ப் படுத்தார். ஜனவரி பிறந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அல்லவா! அவர் வீட்டம்மா இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மதியம் ரயில். பட்டர்வொர்த் வரை நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏசி கடுங்குளிர், மலேசியர்கள் ஸ்வெட்டரோடு ஏறுகிறார்கள், நாம்தான் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து இருக்கையில் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தமிழர், பாம் ஆயில் ஆலைகளுக்கு இயந்திரம் பழுது பார்க்கிற எஞ்சினியர். என் தொழிலுக்குப் பங்காளி என்று சொல்லலாம். பேச்சு எங்கே தங்குவீர்கள் என்று வந்தது.

“நான் அக்கோர்ல இருக்கேண்ணே. மலாக்கா போனா நோவோடெல், கூச்சிங் போனா புல்மேன். ஒங்கள மாதிரி எனக்குக் கணக்குப் போட நேரமில்ல லா.”

அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. நோவோடெல், புல்மேன் பெயர்ப்பலகைகளை வைத்திருக்கிற அக்கோரில் 2000 பாயிண்ட் என்றால் பில்லில் 40 யூரோ கழியும். எந்த ஊர், எந்த மாதம் என்ற பேச்சே இல்லை. ஐபிஸ் போன்ற சின்ன ஹோட்டல்களில் பாயிண்ட் மெதுவாகச் சேரும், நோவோடெல்லில் அதைப்போல இரண்டு மடங்கு. சேர்ந்தது என்ன மதிப்பு என்று மட்டும் எப்போதும் தெரியும். நம்மூரில் தாஜ், ஜிஞ்சர் ஹோட்டல்களுக்குக் கிடைக்கிற நியூகாயினும் இந்த ஜாதிதான்; ஒரு காயின் ஒரு ரூபாய். மேரியட்டில் அப்படி இல்லை. எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒரு பட்டியல் முன்பு இருந்தது, 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். ஹில்டன் அதற்கு முன்பே, 2017இல். இப்போது விலை ஏறினால் பாயிண்டும் ஏறுகிறது. தீபாவளிக்கு ஒன்று, ஆடி மாதத்துக்கு ஒன்று. நோட்டு அடிக்கிறவரும் அவரே, கடைக்காரரும் அவரே என்றால் வேறென்ன நடக்கும்? சேர்த்து வைத்து ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இது வங்கி டெபாசிட் இல்லை, வட்டி கிடையாது, அசல் கரையும்.

“வேற கம்பெனி அதிகமாக் கொடுத்தா மாறிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“ஏன் மாறணும்? காலையில ஆறு மணிக்கு ஆலைக்குப் போகணும். ஹோட்டல் சுத்தமா இருக்கணும், என் பேர அவங்க சரியாச் சொல்லணும். அது போதும்ணே.”

அவர் தைப்பிங்கில் இறங்கிக்கொண்டார்.

இந்த விளையாட்டைத் தொடங்கியது ஹோட்டல்காரர்கள் அல்ல, விமானக் கம்பெனிகள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்கை ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 1983இல், ஹாலிடே இன்னும் மேரியட்டும் பின்னாலேயே வந்தன. ஹோட்டலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கட்டடம் பெரும்பாலும் ஒருவருடையது, பெயர்ப்பலகை வேறொருவருடையது. பலகை கழன்றால் நம் பாயிண்டுக்கு அங்கே வேலை இல்லை. சென்னையில் பழைய ஆட்கள் இன்றைக்கும் அடையாறு கேட் என்றுதான் சொல்வார்கள். அது பார்க் ஷெரட்டனாக இருந்தது, கிரவுன் பிளாசா ஆனது, 2023 டிசம்பரில் மூடியே விட்டார்கள். ஒரே வாசல், ஷெரட்டன் நாளில் வைத்திருந்த கார்டு கிரவுன் பிளாசா நாளில் செல்லாது. கார்டை வைத்திருந்தவர்களைவிட அங்கே சாப்பிடப் போனவர்கள்தான் அதிகம் வருத்தப்பட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் படகு ஏறி ஜார்ஜ்டவுன் போய்ச் சேரும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். நாங்கள் தங்கியது சூலியா தெருவுக்குப் பின்சந்தில், ஒரு பழைய கடைவீட்டை விடுதியாக்கிய இடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், தேய்ந்த மரப்படி. காரைக்குடிப் பக்கத்து வீட்டில் நுழைந்த மாதிரி இருந்தது. சூலியர் என்பது இங்கே வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர். அவர்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அங்கிருந்து நாலு எட்டு. 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அப்படியே. காலையில் எழுந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். பெரிய சங்கிலி ஹோட்டலில் இடம் போட்டிருந்தால் இந்த நடை கிடைத்திருக்காது. பாயிண்ட் இருக்கிறதே என்று பயணத்தை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம் உண்டு. பாதி வைராக்கியம்தான், பினாங்குக்கும் பாயிண்ட் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடற்கரையை ஒட்டி ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் தொடங்கியது. அதே சகோதரர்கள் இரண்டு வருஷம் கழித்துச் சிங்கப்பூரில் திறந்ததுதான் ராஃபிள்ஸ். ராஃபிள்ஸ் பல கை மாறி 2016இல் அக்கோர் வசம் வந்துவிட்டது. கிள்ளான் எஞ்சினியர் நினைத்தால் தன் பாயிண்டை அங்கே பில்லில் கழிக்கலாம். பினாங்கில் இருக்கிற இது எந்தப் பெரிய சங்கிலியிலும் கோக்கப்படாமல் தனியாகவே நிற்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று கட்டிக்கொடுத்தாயிற்று. நாங்கள் உள்ளே போய் ஒரு காப்பி குடித்தோம். காசு கொடுத்துத்தான். கடல் பார்த்த அந்த வராந்தாவில் மனைவி அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்து லெ மெரிடியனில் நுழைந்தோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முப்பதாயிரம் பாயிண்ட் போயிற்று. அறுபதாயிரம் வைத்திருந்தால் நாலு ராத்திரிக்குக் கொடுத்து ஐந்தாவதை இலவசமாக எடுத்திருக்கலாம், அப்படி ஒரு விதி இருக்கிறது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

“காலைச் சாப்பாடு உண்டுங்களா?”

இல்லை. என்னுடையது கோல்டு நிலை. மேரியட்டில் 10 ராத்திரிக்கு சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம். போன வருஷம் 26 ராத்திரி தேறியதால் கோல்டு. காலை உணவு பிளாட்டினத்திலிருந்துதான் வரும். பக்கத்துக் கட்டடத்தில், ஹில்டனில், கோல்டு ஆனாலே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடலாம். இதை வைத்தே ஹில்டனுக்கு மாறச் சொல்கிறவர்கள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். நாலு பேர் காலைச் சாப்பாடு ஐந்து நட்சத்திரத்தில் ரூம் வாடகையில் பாதி ஆகிவிடும். ஆனால் நடக்கிற தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கும்போது, ஏழு ரிங்கிட்டில் இரண்டு பேர் வயிறாரத் தோசை தின்னும்போது, எங்களுக்கு எதற்கு அந்த வரிசை? எனக்கு வேண்டியது வேறு. திருச்சி விமானம் ராத்திரிதான். பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்தால் பெட்டியோடு எங்கே போய் உட்கார்வது? இடமிருந்தால் மதியம் 2 மணி வரை கோல்டுக்குக் கொடுப்பார்கள். முதல் நாளே கேட்டு வைத்தேன். கொடுத்தார்கள். அவள் ஒரு குட்டித் தூக்கம் போட்டாள், நான் டி.வி.யில் மலாய்ச் செய்தியை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷ அலைச்சலில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம் என்றே சொல்வேன்.

இந்த இலவசச் சேர்க்கையையும், காசு கட்டி வாங்குகிற கார்டையும் நம்மூரில் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மத்தியான நேரத்தில் போன் பண்ணி, நட்சத்திர ஹோட்டலின் பேரைச் சொல்லி, பத்தாயிரம் ரூபாய் கட்டினால் சாப்பாட்டில் பாதி தள்ளுபடி, ஒரு ராத்திரி ஃப்ரீ என்பார்களே, அது வேறு சமாச்சாரம். மாதத்துக்கு இரண்டு தடவை அதே ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிடுகிறவருக்கு லாபம் வரலாம். நாங்கள் ஒரு தடவை வாங்கி, அந்த ஒரு ராத்திரிக்குக் கல்யாண நாள், பொங்கல், பள்ளி விடுமுறை எதுவும் செல்லாது என்று தெரிந்து, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்த் தங்கினோம். மறுநாள் காலை ஏழரைக்குப் பையனுக்குப் பள்ளிக்கூட வேன்.

இரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்துவிட்டு, லாபியில் பெட்டியை ஒப்படைத்தோம். கம்பெனி வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது: திங்கட்கிழமை இச்சல்கரஞ்சி, மூன்று நாள், வழக்கமான லாட்ஜ். சரி என்று கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினேன்.

“எனக்கும் ஒரு நம்பர் போட்டுத் தாங்க” என்றாள் மனைவி.

“உனக்கு எதுக்கு?”

“நீங்கதானே சொன்னீங்க, வருசத்துல எத்தன ராத்திரி வெளிய படுத்தோம்னு எழுதிப் பாக்கணும்னு. நானும் எண்ணிட்டேன். போன வருசம் ஒம்பது.”

“எங்கெங்க?”

“ஒம்பதும் ஈரோட்டுல. என் தங்கச்சி வீட்டுல.”

பெட்டியை வாங்கிக்கொண்டிருந்த பையன் தமிழன்தான் போலிருக்கிறது. குனிந்து டோக்கன் எழுதுகிற சாக்கில் சிரித்துக்கொண்டான்.